அருவத்துக்கு வடிவம்

சைவ சித்தாந்தம் இறைவனின் நிலைகளை அருவம், அருவுருவம், உருவம் என மூன்றாகச் சொல்கிறது. கண்ணுக்கும் கருத்துக்கும் எட்டாதது முதல் நிலை. வடிவம் உண்டு, ஆனால் முகம், கை, கால் என்ற உறுப்புகள் இல்லை என்ற நிலையில் நிற்கும் இலிங்கம் இரண்டாவது. நடராசர், சோமாஸ்கந்தர், தட்சிணாமூர்த்தி போன்ற மாகேசுர வடிவங்கள் மூன்றாவது. இந்தப் பகுப்புக்குள் பழைய சிக்கல் ஒன்று இருக்கிறது. எல்லை இல்லாத ஒன்றை எல்லைக்குள் அடக்கிக் காட்டலாமா? காட்டினால் கண்ணில் படுவது அந்த ஒன்றுதானா, அதன் நிழலா? சாத்திர ஆசிரியர்கள் இதற்குச் சொல்லால் விடை கூறினார்கள். சிற்பிகளும் ஓவியர்களும் கல்லிலும் மெழுகிலும் சுண்ணச் சாந்திலும் விடை கூறினார்கள். அவர்கள் கூறிய விடையைப் படிக்க வேண்டுமானால் கோடு, திரள், அளவு, சமநிலை, வெளி, நிறம் ஆகியவை தெரிந்திருக்க வேண்டும். காட்சிக் கலையின் அடிப்படைக் கருத்துகள் இவைதாம்.

ஒரு சிலையையோ ஓவியத்தையோ பற்றிப் பேசும்போது மூன்று தளங்களைக் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காட்டப்பட்டிருப்பது எது என்பது ஒரு தளம். எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது என்பது அடுத்த தளம். அந்த இரண்டும் சேர்ந்து பார்ப்பவரிடம் எதைக் கொண்டு சேர்க்கின்றன என்பது மூன்றாவது. நடராசரை எடுத்துக்கொண்டால், பின் வலக்கையில் உடுக்கை, பின் இடக்கையில் நெருப்பு, முன் வலக்கையில் அபயம், ஊன்றிய காலின் கீழ் முயலகன், குறுக்கே வீசிய இடக்கை, தூக்கிய இடக்கால் என்பவை முதல் தளம். மனவாசகங்கடந்தார் இயற்றிய உண்மை விளக்கம் இவற்றுக்குப் பொருள் வகுத்துத் தருகிறது. உடுக்கை படைப்பு, அபயம் காப்பு, நெருப்பு அழிப்பு, ஊன்றிய கால் மறைப்பு, தூக்கிய கால் அருள் என ஐந்தொழிலும் ஒரே உருவில் அடங்குகின்றன.

அடையாளப் பட்டியல் இத்துடன் முடிகிறது. ஆனால் கடைத்தெருவில் விற்கும் அச்சு வார்ப்பு நடராசரிலும் இதே உடுக்கையும் இதே நெருப்பும் உண்டு. பட்டியலை மட்டும் படிப்பவருக்கு அதுவும் 11ஆம் நூற்றாண்டுச் சோழர் செப்புத் திருமேனியும் ஒன்றுதான். இரண்டையும் வேறாக்குவது நடுவில் உள்ள தளம், வடிவம். தமிழில் சிற்பங்களைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி இந்த நடுத்தளத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. புராணக் கதையைச் சொல்லி, ஆயுதங்களின் பெயரைச் சொல்லி, நேராகத் தத்துவத்துக்குப் போய்விடுகிறது. இது பெரிய குறை.

வடிவத்தைச் சொல்லால் பதிவு செய்யும் வழக்கம் இங்கே இல்லாததல்ல. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் இராசராசனும் அவன் குடும்பத்தாரும் அதிகாரிகளும் எழுந்தருள்வித்த செப்புத் திருமேனிகளை விவரிக்கும் முறையைப் பார்க்கலாம். திருமேனி பாதாதிகேசம் எத்தனை முழம், எத்தனை விரல், எத்தனை கைகள் உடையது, கனமாக வார்க்கப்பட்டதா, பீடம் எவ்வளவு உயரம், பிரபை எவ்வளவு சுற்று என்று ஒவ்வொன்றாக வருகிறது. கணக்குக்காக எழுதப்பட்டதுதான் என்றாலும், பொருளை முன்னால் வைத்துக்கொண்டு அடியிலிருந்து முடிவரை கண்ணை ஓட்டும் ஒழுங்கு அதில் இருக்கிறது. விவரிப்பு இப்படித்தான் தொடங்க வேண்டும். பொருள் கூறுவது அதற்குப் பிறகு.

காட்சிக் கலையின் முதல் உறுப்பு கோடு. வரைந்த கோடு மட்டும் கோடு அல்ல. ஓர் உருவத்தின் விளிம்பு கோடு. உடல் சாய்ந்திருக்கும் திசை கோடு. ஒருவர் பார்வை போகும் வழியும் கோடுதான். படுக்கைக் கோடு ஓய்வையும், செங்குத்துக் கோடு நிலைபேற்றையும், சாய்கோடு இயக்கத்தையும் உணர்த்தும். மனித உடல் படுக்கும், நிற்கும், ஓடும் விதத்திலிருந்து வந்த உணர்வு இது என்பதால் யாரும் சொல்லிக் கொடுக்காமலே பிடிபடுகிறது.

மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி குடைவரையில் இதை ஒரே இடத்தில் நின்று சரிபார்க்கலாம். எதிரெதிர்ச் சுவர்களில் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் புடைப்புச் சிற்பங்கள் இரண்டு இருக்கின்றன. வடசுவரில் கொற்றவை எட்டுக் கைகளோடு பாயும் சிங்கத்தின் மேல் அமர்ந்து வில்லை வளைக்கிறாள். எதிரே எருமைத் தலையும் மனித உடலும் கொண்ட மகிடன் கதையை இரு கைகளாலும் பற்றியபடி பின்னால் சாய்கிறான். அவன் அவளைவிட உருவத்தில் பெரியவன், அவன் தலைக்கு மேலும் குடை உண்டு. அப்படியிருந்தும் தோற்பவன் அவன் என்பதில் பார்ப்பவருக்கு ஐயம் வருவதில்லை. சிங்கத்தின் பாய்ச்சல், வில்லின் வளைவு, கீழே முன்னேறும் பூதகணங்களின் உடல்கள் எல்லாம் ஒரே திசையில் தள்ளுகின்றன. மகிடனின் உடலும் அதே திசையில் சாய்ந்து பின்வாங்குகிறது. அவன் கால்கள் இன்னும் தரையில் ஊன்றியிருக்கின்றன, ஆனால் உடலின் கோடு ஏற்கெனவே தோற்றுவிட்டது. வெட்டுண்ட தலையோ வழியும் இரத்தமோ இங்கே இல்லை. சிற்பி வெற்றியைக் காட்டவில்லை. வெற்றி முடிவாகிவிட்ட கணத்தைக் காட்டியிருக்கிறான்.

திரும்பினால் தென்சுவரில் திருமால் பாம்பணையில் பள்ளிகொண்டிருக்கிறார். தலையிலிருந்து கால்வரை நீண்டு கிடக்கும் ஒற்றைப் படுக்கைக் கோடு சுவரின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. பாம்பின் சுருள்களும் அதற்கு இணையாகவே ஓடுகின்றன. காலடிப் பக்கம் மதுவும் கைடபனும் கதையோடு நெருங்கி நிற்கிறார்கள். அந்த ஒரு மூலையில் மட்டும்தான் சாய்கோடுகள். உலகத்தின் கலக்கம் ஓரத்தில் இருக்கிறது, அறிதுயில் நடுவில் இருக்கிறது. எதிர்ச்சுவரில் தெய்வம் இயக்கத்தின் மூலம், இங்கே அசையாமையின் மூலம். இரண்டு சுவர்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர், தெய்வத்தின் ஆற்றல் என்றால் என்ன என்ற கேள்விக்கு இரண்டு விடைகளை எழுத்தறிவு இல்லாமலே படித்துவிடுகிறார்.

கோடு சூழ்ந்துகொள்ளும்போது வடிவம் பிறக்கிறது; அதற்குக் கனமும் ஆழமும் சேர்ந்தால் திரள். புடைப்புச் சிற்பத்தில் திரள் பாதி பாறைக்குள் இருக்கிறது, ஒரு பக்கத்திலிருந்துதான் பார்க்க முடியும். முழு உருவச் சிற்பத்தைச் சுற்றி வரலாம். சோழர் செப்புத் திருமேனிகள் இந்த இரண்டாம் வகையின் உச்சம். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துத்தான் உரு செய்கிறார்கள். மண் அச்சை உடைத்தே சிலையை எடுக்க வேண்டும் என்பதால் ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். மெழுகின் குணம் உலோகத்தில் தங்கிவிடுகிறது. தோளிலிருந்து கைக்கும், இடையிலிருந்து தொடைக்கும் மேற்பரப்பு எங்கும் முறியாமல் வழிந்து இறங்குகிறது.

கிரேக்கச் சிற்பத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு உடனே தெரியும். அங்கே தசையும் எலும்பும் தோலுக்கடியில் வேலை செய்வது தெரிகிறது. இங்கே தசைநார் இல்லை, நரம்பு இல்லை. உள்ளே நிறைந்த மூச்சு தோலை வெளியே தள்ளுவதுபோல் உடல் திரண்டிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் பலர் இதை உடற்கூறு அறியாத குறை என்றே எண்ணினார்கள். கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி இந்த எண்ணத்தை உடைப்பதற்குத் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டார். இந்தியக் கலைஞன் கண்ணெதிரே நிற்கும் ஓர் உடலைப் படி எடுக்க முயலவில்லை, தியானத்தில் கண்ட உருவையே செய்தான் என்பது அவர் வாதம். உழைத்து முறுக்கேறிய தசைக்கு வயது உண்டு, களைப்பு உண்டு. காலத்துக்கு அப்பாற்பட்ட ஒன்றுக்கு அந்த உடல் பொருந்தாது. தசையை நீக்கியது சிற்பி எடுத்த தத்துவ முடிவு.

மேற்பரப்பின் தன்மையும் இதற்குத் துணை நிற்கிறது. கழுத்தணி, பூணூல், இடைக்கச்சு, சடைமுடி ஆகியவற்றில் நுணுக்கமான வேலை நெருங்கியிருக்கும். அவற்றுக்கு நடுவே மார்பும் வயிறும் தொடையும் வழுவழுப்பாக விடப்பட்டிருக்கும். வேலை நிறைந்த இடம் கண்ணை நிறுத்துகிறது, வழுவழுப்பான இடம் கண்ணை நகர்த்துகிறது. இந்த நிறுத்தமும் நகர்வும் மாறி மாறி வருவதைத்தான் காட்சிக் கலையில் லயம் என்கிறார்கள்.

அடுத்தது அளவு. ஆகம, சிற்ப நூல்கள் உருவங்களைத் தாள மானத்தால் வகுக்கின்றன. சிவன், திருமால், பிரமன் முதலிய பெருந்தெய்வங்களுக்கு உத்தம தச தாளம், அதாவது உயரம் 124 கூறு. தேவியருக்கு மத்திம தச தாளம், 120 கூறு. இந்தக் கூறு அடிக்கோலின் அங்குலம் அல்ல, அந்தச் சிலையின் உயரத்தையே பங்கிட்டுப் பெறுவது. ஆகவே விரல் நீளச் சிலையும் ஆள் உயரச் சிலையும் ஒரே விகிதத்தில் அமைகின்றன. ஸ்தபதி தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து, முகம், மார்பு, கொப்பூழ், முழங்கால் ஆகியவற்றின் எல்லைகளைக் குறித்துக்கொள்கிறார். தெய்வம் எந்த மனிதரின் அளவிலும் இல்லை. தன் அளவைத் தானே தருகிறது. இந்தக் கருத்து ஓர் ஓலைக் கீற்றில் அடங்கியிருக்கிறது.

இத்தனை விதி இருந்தால் கலைஞனுக்கு என்ன இடம் என்று கேட்கப்படுவதுண்டு. விதி புள்ளிகளைத் தருகிறது. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே ஓடும் வளைவைத் தருவதில்லை. ஒரே தாளத்தில் அமைந்த பல திருமேனிகளில் ஒன்று உயிரோடு நிற்பதும் இன்னொன்று பொம்மையாக நிற்பதும் அந்த வளைவினால்தான். சுக்கிரநீதி, தெய்வ உருவம் அழகு குறைந்திருந்தாலும் நன்மை தரும், மனித உருவம் அழகாக இருந்தாலும் தராது என்ற கடும் நிலைப்பாட்டை எடுக்கிறது. சோழச் சிற்பிகள் அதை மேற்கொண்டதாகத் தெரியவில்லை. சோழர் கால அரசியரின் சிலைகள் என்று கருதப்படும் சில, தெய்வத் திருமேனிகளிலிருந்து பிரித்தறிய முடியாத அளவு நெருங்கியிருக்கின்றன.

நிற்கும் உருவத்தில் எடை எங்கே இறங்குகிறது என்பது சமநிலையைப் பற்றியது. உச்சியிலிருந்து நூல் தொங்கவிட்டு, உடல் அந்த நூலிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைக் கொண்டு நிலைகளை வகுத்திருக்கிறார்கள். விலகாமல் நேராக நிற்பது சமபங்கம், சற்றே நெகிழ்வது ஆபங்கம், தலை, உடல், கால் மூன்றும் மூன்று திசையில் வளைவது திரிபங்கம், அதையும் மீறிப் போவது அதிபங்கம். கருவறை மூலவர்கள் பெரும்பாலும் சமபங்கத்தில் நிற்பதும், உமையும் கண்ணனும் இராமனும் திரிபங்கத்தில் வளைவதும் தற்செயல் அல்ல. அடியாரை நோக்கி வரும் தெய்வத்தின் உடலில் நெகிழ்வு இருக்கிறது.

நடராசரில் இந்தக் கணக்கு மிகவும் கடினமாகிறது. மடங்கிய ஒற்றைக் காலின் மேல் முழு எடை. நான்கு கைகள் நான்கு திசையில். தூக்கிய கால் உடலுக்குக் குறுக்கே வருகிறது, சடை இரு பக்கமும் பறக்கிறது. இவ்வளவுக்கும் நடுவே முகம் சலனமே இல்லாமல் நேராக இருக்கிறது. ஆட்டம் அத்தனையும் உறுப்புகளில், அமைதி அத்தனையும் நடுவில். மாறாத ஒன்றிலிருந்து மாறும் உலகம் எப்படி வந்தது என்பது இந்தியத் தத்துவத்தின் பெரிய தகராறு; சிற்பி அதைத் தீர்த்து வைத்ததாகச் சொல்ல முடியாது, ஆனால் இரண்டும் ஒரே உடலில் இருக்க முடியும் என்று கண்ணுக்குக் காட்டிவிட்டான். சென்னை அருங்காட்சியகத்து நடராசரின் புகைப்படங்களை மட்டும் பார்த்துவிட்டுப் பிரெஞ்சுச் சிற்பி ரோடின் எழுதிய கட்டுரை, அவர் இறந்தபின் 1921இல் வெளிவந்தது. ஐந்தொழில் விளக்கம் எதையும் நம்பி அவர் எழுதவில்லை. ஒளி விழும் பரப்பையும் உறுப்புகளின் ஓட்டத்தையும் பற்றியே பேசினார். வடிவம் தானாகவே பேசும் என்பதற்கு அது நல்ல சான்று.

இனி வெளி. புதிதாகப் பார்க்கப் பழகுபவர்கள் தவறவிடுவது இதைத்தான். சிலை இருக்கும் இடத்தைப் போலவே சிலை இல்லாத இடமும் கலைஞன் ஆக்கியதே. நடராசரின் கைகளுக்கும் திருவாசிக்கும் நடுவே உள்ள ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரு வடிவம் உண்டு. அவற்றை அடைத்துப் பார்த்தால் ஆட்டம் நின்றுவிடும்.

திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்து, தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் உள்ள இடபவாகன மூர்த்தி இதற்கு உயர்ந்த எடுத்துக்காட்டு. 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சடையைத் தலைப்பாகையாகச் சுற்றிக் கட்டி, கால்களைக் குறுக்கே மாற்றி வைத்து, இடபத்தின் மேல் கையை ஊன்றி ஒயிலாக நிற்கிறார். ஆனால் இடபம் இப்போது அங்கே இல்லை. கை வெற்றிடத்தின் மேல் மடிந்து நிற்கிறது. வளைந்த இடுப்பும் தளர்ந்த தோளும் அந்த வெற்றிடத்தில் எடையைச் சாய்க்கின்றன. விலங்கின் உயரத்தையும் முதுகின் சரிவையும் கையின் வளைவிலிருந்தே கணக்கிட்டுவிடலாம். இல்லாத ஒன்றைத் தாங்குபொருளாக உணரவைக்கும் அளவுக்கு இருக்கும் உடல் துல்லியமாகச் செய்யப்பட்டிருக்கிறது.

சிதம்பரம் இந்த வெளியையே வழிபாட்டுப் பொருளாக்கியது. சிற்சபையில் நடராசர் உருவமாகவும், படிக இலிங்கம் அருவுருவமாகவும் இருக்க, பக்கத்தில் திரைக்குப் பின்னால் பொன் வில்வ மாலைகள் மட்டும் தொங்கும் வெற்றிடம் அருவமாக வணங்கப்படுகிறது. திரை என்ற எல்லையும் மாலை என்ற அடையாளமும் இல்லையென்றால் அங்கே வெறும் சுவரும் காற்றும்தான். எல்லை கட்டியதால்தான் வெளி கண்ணில் படுகிறது. எல்லையில்லாததை எப்படிக் காட்டுவது என்ற முதல் கேள்விக்குத் தமிழ் மரபு கொடுத்த மிகத் துணிவான விடை இது. அமராவதியின் பௌத்தச் சிற்பங்கள் பலவற்றில் புத்தரின் உடலுக்குப் பதில் வெற்று அரியணையும் பாதச் சுவடும் இருப்பதை இதனோடு வைத்துப் பார்க்கலாம். அச்சிற்பங்களில் ஒரு பெரும் தொகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஓவியத்தில் வெளி தட்டையான பரப்பின் மேல் உண்டாக்கப்படுவது. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியர் எல்லாக் கோடுகளையும் ஒரு புள்ளியில் குவித்துத் தூரத்தைக் காட்டும் முறையை வகுத்தார்கள். ஆல்பெர்ட்டி 1435இல் அதை நூலாக எழுதினார். அந்த முறையில் உலகம் ஒரு மனிதக் கண்ணுக்காக ஒழுங்குபடுகிறது. சித்தன்னவாசல் சமணக் குகையின் விதானத்தில் உள்ள தாமரைக் குளத்தில் அப்படி ஒரு கண் இல்லை. இலைகள் மேலிருந்து பார்த்தபடி விரிகின்றன, பூக்களும் யானைகளும் மீன்களும் பூப்பறிப்பவர்களும் பக்கவாட்டில் தெரிகிறார்கள். ஒவ்வொன்றும் தன்னை நன்றாகக் காட்டும் கோணத்தில் இருக்கிறது. ஒரே பொருளைப் பல கோணங்களில் உண்மையாகக் காண முடியும் என்று வாதிட்ட சமணத்தின் குகையில் இது பொருத்தமாகவே இருக்கிறது, ஓவியர் அதை எண்ணிச் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும்.

நிறத்தில் மூன்றைப் பிரித்தறிய வேண்டும்: எந்த நிறம், எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வெளிச்சம். தஞ்சைக் கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்குக் கீழே சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டார். அந்தச் சுவர்களில் நிறங்கள் குறைவு, காவியும் மஞ்சளும் பச்சையும் முன்நிற்கின்றன. உருவத்தைத் தாங்குவது ஓடும் கோடு. நிறம் அதற்குத் துணை.

உருவம் தெய்வத்தைச் சுட்டுகிறதா, அதுவே தெய்வமா என்பதில் சமயங்கள் பிரிகின்றன. 787இல் கூடிய இரண்டாம் நைசியா சங்கம், படத்துக்குச் செய்யும் மரியாதை படத்தில் உள்ளவரைச் சேரும் என்று முடிவு செய்தது. இசுலாம் வழிபாட்டிடத்தில் உருவத்தை விலக்கி, எழுத்தையும் வடிவியல் கோலத்தையும் உச்சத்துக்குக் கொண்டு போனது. வைணவம் பரம், வியூகம், விபவம், அந்தர்யாமி, அர்ச்சை என்ற ஐந்து நிலைகளில் கோயில் திருமேனியையும் ஒன்றாக வைத்தது. அங்கே சிலை எதையும் சுட்டவில்லை, இறைவன் எளிவந்து நிற்கும் நிலையே அது.

இதனால் ஒரு விசித்திரம் நேர்கிறது. கோயிலில் உற்சவர் பட்டிலும் மாலையிலும் மூடப்படுகிறார். முகமும் கைகளும் மட்டும் தெரியும். கலை வரலாற்றாசிரியர் போற்றும் இடையும் தொடையும் முதுகும் அடியார் கண்ணில் படுவதே அரிது. ஆனால் சிற்பி முதுகையும், தலைக்குப் பின்னால் உள்ள சிரச்சக்கரத்தையும், தோளில் விழும் சுருள்முடியையும் முன்பக்கத்துக்குச் சமமாகவே முடித்திருக்கிறான். தெய்வத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் என்ற ஏற்றத்தாழ்வு கிடையாது என்று அவன் நம்பியிருக்க வேண்டும். அருங்காட்சியகத்தில் ஆடை இல்லை, வழிபாடும் இல்லை. வடிவம் முழுதும் தெரிகிறது, அது வாழ்ந்த சூழல் தெரிவதில்லை. ஒன்றை மட்டும் பார்த்தவர் பாதிதான் பார்த்திருக்கிறார்.

இரண்டும் ஒன்றுசேரும் நேரம், அலங்காரம் களைந்து நடக்கும் அபிடேகம். சிதம்பரம் நடராசருக்கும், பிற சிவாலயங்களின் நடராசர்களுக்கும் ஆண்டுக்கு ஆறு முறை, சித்திரை, ஆனி, ஆவணி, புரட்டாசி, மார்கழி, மாசி மாதங்களில் அபிடேகம் நடக்கிறது. அப்போது சற்று முன்னதாகப் போய் நின்று, ஊன்றிய காலிலிருந்து தொடங்கி முடிவரை மெல்லப் பார்க்க வேண்டும். அதன்பிறகு எழும்பூருக்கோ தஞ்சைக் கலைக்கூடத்துக்கோ போய், சிலையைச் சுற்றி வந்து முதுகையும் பாருங்கள்.